பதில்: நுவரெலியா வீட்டில் கோப்பி மூலை

சின்னக் குசினி, ஜன்னலோரம் கோப்பி மூலை வைக்க ஆசை, ஆனால் தூள் கட்டி கட்டியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஜன்னலோரத்தை விடுங்கள். படம் எடுக்க அழகுதான், ஆனால் நுவரெலியா மூடுபனி நேரே தூளுக்குள் போகும். கேத்தல் ஆவி படாத உள்சுவர்ப் பக்கம் ஒரு பலகைத் தட்டு அடித்தால் போதும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் கொஞ்சமாக எடுத்து வையுங்கள், மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டிவிடுங்கள். பிரிட்ஜ் வேண்டாம், அடிக்கடி வெளியே எடுத்தால் ஈரம் பிடிக்கும்.

அப்புறம் பிளக். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய வீட்டு 5 அம்பியர் வட்டப்பின் பிளக்கில் அதைக் கொடுக்கவே கூடாது. 13 அம்பியர் பிளக் எந்தச் சுவரில் இருக்கிறதோ, மூலையும் அங்கேதான்.

ஒரு லாபமும் உண்டு. நுவரெலியா மலையூர், அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். கோப்பிக்கு 90 முதல் 96 வரை சரி. கொதித்ததும் ஊற்றலாம். சூடு காட்டும் விலைகூடிய கேத்தலுக்குக் காசு போடாதீர்கள். அந்தக் காசில் நல்ல பலகை ஒன்றும் கோப்பை மாட்ட நாலு கொக்கியும் வாங்கலாம்.