14 பூவும் உதிர்ந்தது ஏன்?

மேல்படிப்புக்கு யோசனை கேட்டு, வீரகனூர்ப் பக்கத்திலிருந்து மூன்று பேர் என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா, போன வருடம் பிளஸ் டூ முடித்த மகள், தாய்மாமா. அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா மஞ்சள் பையிலிருந்து ஒரு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு தடவ நீட் எழுதிட்டா சார், மார்க் பத்தல. மச்சானுக்கு ரோட்டோரமா ரெண்டு ஏக்கர் கெடக்கு. அத வித்தா ஆறு வருஷத்த ஓட்டிரலாம்."

வந்தவர்களுக்கு முதல் பத்து நிமிடம் ஆறுதல் சொல்வது என் வழக்கம். இரண்டு ஏக்கர் என்றதும் அந்த எண்ணம் போய்விட்டது. "அந்த நிலத்தில் இப்ப என்ன இருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டேன். "பாதி குச்சிக்கிழங்கு, பாதி பருத்தி" என்றார். சாப்பாடு போடுகிற நிலம்! அதை விற்று, படித்து வந்தபின் இங்கே மருத்துவம் பார்க்க எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். அதில் தவறுகிறவர்கள்தான் அதிகம். இதை அந்தப் புத்தகம் எந்தப் பக்கத்திலும் சொல்லவில்லை. மாமாவின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விற்கப்போவது அவருடைய நிலமில்லை, படிக்கப்போவதும் அவரில்லை.

பாப்பா அதுவரை பேசவே இல்லை. "லீவுல என்ன பண்ணுவ கண்ணு?" என்றதும் அப்பாதான் சிரித்தார். "கெணத்து மேட்டுல இருவது பருத்திச் செடி வெச்சுக்கிட்டு அதுல நூலக் கட்டிக்கிட்டுக் கெடப்பா சார்." நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பையில் இருந்தது.

அந்த ஒரு பக்கத்தைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் வாக்கப்பட்ட அத்தையிடம் கருங்கண்ணி விதை வாங்கி வந்து, தன் வீட்டுப் பி.டி. செடியோடு (காய்ப்புழுவைத் தடுக்க மரபணு மாற்றிய பருத்தி) மகரந்தம் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். தேதி, மொட்டு எண், நேரம் எல்லாம் எழுதி, கடைசியில்: "14 பூ. 14ம் உதிர்ந்தது. ஏன்?"

நான் தாவரவியல் படித்தவன், பதில் சொன்னேன். கருங்கண்ணி நம் நாட்டுப் பருத்தி, அதற்கு 26 குரோமோசோம். பி.டி. அமெரிக்க வகை, அதற்கு 52. இரண்டையும் சேர்த்தால் பிஞ்சு பெரும்பாலும் நிற்காது. அவள் கை தப்பு செய்யவில்லை. நிற்கவைப்பதற்கென்றே உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் ஆட்கள் மெனக்கெடுகிறார்கள். பாப்பா கேட்டாள்: "அப்ப 52ம் 52ம் சேருமா சார்?" சேரும். 1972இல் கர்நாடகத்துத் தார்வாடில் கட்டார்கி என்ற விஞ்ஞானி அமெரிக்க வகையையும் எகிப்திய வகையையும் இணைத்து வரலட்சுமி என்ற வீரிய ஒட்டைக் கொண்டுவந்தார். கொங்கணாபுரம் பருத்தி ஏலத்தில் டி.சி.எச். என்று விலை கூறுகிறார்களே, அதுவும் அதே வழியில் வந்ததுதான்.

இரண்டு வகையைச் சேர்க்கிற அந்த வேலை எப்படி நடக்கிறது என்று மாமாவுக்காகச் சொன்னேன். பருத்திப் பூ ஒரு நாள் கூத்து. காலையில் வெண்மஞ்சளாக விரியும், மறுநாள் சிவந்து சுருங்கும். அதனால் விரிவதற்கு முந்தின நாள் மாலையே மொட்டின் அடியில் கட்டைவிரல் நகத்தால் சுற்றிக் கீறி, இதழையும் மகரந்தக் குழலையும் ஒன்றாக உருவ வேண்டும். நகம் கொஞ்சம் ஆழமாகப் போனால் சூல்பை காயப்பட்டு, காய் போச்சு. காகிதக் குழல் மாட்டி, காலையில் ஆண் செடியின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி, ஏறக்குறைய ஐம்பது நாள் காத்திருக்க வேண்டும். இது முதல் தலைமுறை. பிறகு வருடக்கணக்காகத் தன்மகரந்தம் செய்து (ஒரு செடியின் மகரந்தத்தை அதற்கே சேர்த்து), குணம் பிரிந்து வரும் செடிகளில் நல்லதைப் பொறுக்கி, பல ஊர்களில் விதைத்துப் பார்த்துத்தான் ஒரு ரகம் வெளிவரும். பத்து வருடம் சாதாரணம். (விதை உற்பத்தி வயல்களில் சின்னப் பிள்ளைகளை இந்த வேலைக்கு நிறுத்துவது வேறு விஷயம், அதை நான் எங்கேயும் எதிர்ப்பேன்.)

இதையெல்லாம் எங்கோ அமெரிக்காவில் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1974இல் வெளிவந்த சுவின் என்ற பருத்தி, கோவையில் சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட்டையும் சேர்த்து உருவாக்கியது. மிக நீண்ட இழை. அதை விளைவித்தது நம் ஆத்தூர்ப் பக்கம்தான். நாள் அதிகம், பஞ்சு குறைவு என்று விவசாயி கைவிட்டார். அந்த நீள இழையைக் குறைந்த நாளில் தரும் செடிதான் இனி வேண்டும். பறிக்கக் கூலியாள் கிடைக்காத கஷ்டத்துக்கு, நெருக்கி நடத் தோதான கோ 17 ரகத்தை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 2002இல் வந்த பி.டி.யை இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஜெயித்துவிட்டது. வேலை குவிந்து கிடக்கிறது.

வழியும் சொல்கிறேன். பி.எஸ்சி. வேளாண்மை, நான்கு வருடம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் இல்லை. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பாப்பா வருவாள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசினுடையது. அதன்பின் எம்.எஸ்சி., தாவர இனப்பெருக்கமும் மரபியலும்; அதற்கு ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத்தேர்வும் உதவித்தொகையும் உண்டு. தனியார் கல்லூரிக்காரர் யாராவது போன் செய்தால், ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

மாமா விடவில்லை. "படிச்சுட்டு மறுபடி காட்டுக்கேவா சார்?" ஆமாம், காட்டுக்குத்தான். விஞ்ஞானி வேலைக்கு அரசு அறிவிப்பு அடிக்கடி வராது, சம்பளம் மருத்துவர் அளவுக்கு வராது. இதை மறைத்து நான் சொல்லவில்லை. ஆனால் ஆத்தூரிலேயே தலைமையகம் வைத்துப் பருத்தி விதையை நாடு முழுக்க அனுப்பும் ராசி சீட்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு ஆராய்ச்சி ஆள் வேண்டும். மருத்துவம் கிடைக்காததால் இது என்று யாரும் பாப்பாவிடம் சொல்லக் கூடாது. அவள் இதை நீட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

அப்பாவுக்கு இரண்டு வேலை கொடுத்தேன். ஒன்று, ஆத்தூர்–பெரம்பலூர் ரோட்டில் வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கம். ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிப் போங்கள், நோட்டோடு. இரண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பி.டி.யும் டி.சி.எச்.சும் சேர்த்த பூவில் ஒன்பது காய் நின்றிருப்பதாக எழுதியிருக்கிறாள். பறிக்க ஆள் விடும்போது கிணற்று மேட்டுப் பக்கம் போகச் சொல்லாதீர்கள். சிவப்பு நூல் கட்டிய காய் ஒன்றுகூட சாக்குக்குள் போகக் கூடாது.