ஆப்பிரிக்காவில் மிஷனரியாக இருக்கும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

"காடு, பாம்பு, சிங்கம் என்றுதான் மிஷனரிக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், சாதாரணமாக ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் 2014 முதல் 2023 வரை மலாவியில் இருந்தோம். நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள். தெற்கே ஜோம்பா மாவட்டத்தில், சில்வா ஏரிப் பக்கம் போகும் செம்மண் பாதையில் ஒரு கிராமம். ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, நான் சொல்வது அந்த ஒரு மூலையைப் பற்றி மட்டும். சிங்கத்தை நான் பார்த்ததே இல்லை.

அங்கே நாள் வாசலில்தான் தொடங்கும். யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், கொஞ்சம் தள்ளி நின்று "ஓடி!" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே வரலாமா என்று அர்த்தம். "ஓடினி" என்று நாம் சொன்னால் வருவார்கள். நவம்பர், டிசம்பரில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஐந்தரைக்கு முதல் குரல் கேட்கும். வந்தவர் உடனே விஷயத்துக்கு வரமாட்டார். எப்படி எழுந்தீர்கள், நன்றாக எழுந்தேன், நீங்கள் எப்படி எழுந்தீர்கள், பிள்ளைகள் எப்படி எழுந்தார்கள் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், குழந்தைக்குக் காய்ச்சல் என்றோ, சுகாதார நிலையம் வரை வண்டியில் கொண்டுபோய் விட முடியுமா என்றோ மெல்லச் சொல்வார். முதல் வருஷம் முழுக்க இதை என் வேலைக்குக் குறுக்கே வருகிற தொந்தரவாகவே நினைத்தேன். எங்கள் ஊழியத்தில் பாதி இந்த வாசலில்தான் நடக்கிறது என்று புரிய வெகுநாள் பிடித்தது.

தண்ணீர், மிஜிகோ என்று அவர்கள் சொல்லும் கைப்பம்பில். 20 லிட்டர் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு கையை விட்டு நடப்பார்கள், எனக்குக் கடைசிவரை ஒரு கையாவது பிடித்தாக வேண்டும். நடுவில் சில மாதங்கள் முதுகுவலி என்று ஒரு பையனுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் எடுக்க வைத்தேன். அந்த மாதங்களில் என் சிச்சேவா மொழி அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் வகுப்பில் படித்ததைவிட அந்த வரிசையில் நின்று படித்ததுதான் அதிகம். அந்த மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. "இவே" என்றால் நீ, "இனு" என்றால் நீங்கள். ஒரு பாட்டியிடம் நான் "இவே" என்று சொல்லிவிட்ட அன்று வரிசையே அமைதியானது. பாட்டி கோபப்படாமல் என் கையைத் தட்டி, "இனு, அம்மா, இனு" என்று மூன்று முறை சொல்ல வைத்தார்.

சாப்பாடு என்சிமா. மக்காச்சோள மாவை முதலில் கஞ்சியாகக் காய்ச்சி, பிறகு மேலே மாவு தூவித் தூவி மரத்துடுப்பால் கிண்டுவார்கள். நம் ஊர்க் களி கிண்டியவர்களுக்கு அந்தத் தோள்வலி தெரியும். தொட்டுக்கொள்ள, நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலை, குட்டி மீன், அல்லது வெண்டைக்காய். நாம் வெண்டைக்காயின் கொழகொழப்பு போக வதக்குவோம், அவர்கள் சோடா உப்பு போட்டு அதைக் கூட்டுவார்கள். என் பிள்ளைகளுக்கு இப்போதும் அதுதான் பிடிக்கும். முருங்கைக் கீரையும் அங்கே உண்டு, சம்வம்பா என்பார்கள். முதன்முதலில் அதைச் சந்தையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மலேரியாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொசுவலை கட்டியும் எங்கள் நால்வருக்கும் பலமுறை வந்தது. விரலில் ஒரு சொட்டு இரத்தம், சோதனைப் பட்டையில் இரண்டு கோடு, அப்புறம் எல்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை, பாலோ கடலையோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை பிள்ளைகளை மலாவி ஏரிக்கரையில் இருக்கும் கேப் மெக்லியருக்கு அழைத்துப் போனோம். 1875இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கிய இடம் அது, மலேரியா தாங்காமல் 1881இல் வடக்கே பண்டாவேக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருக்கும் கல்லறைகளுக்கு முன்னால் நின்று பிள்ளைகளுக்கு வில்லியம் கோயியைப் பற்றிச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவின் லவ்டேலில் இருந்து 1876இல் வந்த கோசா இனத்தவர், என்கோனி மக்களிடையே ஊழியம் செய்து 1886இல் அந்த நாட்டிலேயே இறந்தவர். ஆப்பிரிக்காவுக்கு வந்த மிஷனரிகள் என்றால் நம் சபைகளில் லிவிங்ஸ்டன் பெயரோடு நிறுத்திவிடுகிறோம், அது எனக்கு வருத்தம்.

2018 கணக்கெடுப்பின்படி மலாவியில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள், அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு போதகருக்குச் சிதறிக் கிடக்கும் பல ஜெபவீடுகள், பெரும்பாலான ஞாயிறுகளில் மூப்பர்கள்தான் ஆராதனை நடத்துவார்கள். அந்த மூப்பர்களுக்கும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கும் வேதம் கற்றுக்கொடுப்பதுதான் என் கணவருடைய பொறுப்பு, அதுவும் அங்கிருந்த சபை கேட்டதால்.

ஜனவரி, பிப்ரவரி பசி மாதங்கள். போன வருஷத்துச் சோளம் தீர்ந்திருக்கும், வயலில் இருப்பது ஏப்ரலில்தான் கைக்கு வரும். அப்போது வரும் "ஓடி"யின் சத்தமே வேறு. நம் வீட்டில் அரிசி இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை மாங்காயை மட்டும் தின்று படுக்கிறதைப் பார்த்துக்கொண்டு குடும்ப ஜெபம் செய்வது எளிதல்ல. கொடுத்தோம், சிலநேரம் தவறாகக் கணக்குப் போட்டும் கொடுத்தோம். பிறகு அறுவடை முடிந்ததும் அதே பெண்கள் பேசின்களில் சோளத்தைத் தலையில் சுமந்து பாடிக்கொண்டே காணிக்கை கொண்டுவருவார்கள். எங்களுக்கு ஊரிலிருந்து வந்த பணமும் கைப்பிடி அரிசிக் காணிக்கையில் சேர்ந்ததுதான், உலையில் போடும் முன் நம் திருநெல்வேலிப் பெண்கள் எடுத்து வைத்தது. இதை ம்வானோ பெண்கள் சங்கத்தில் சொன்னபோது, அந்தப் பெண்களின் பெயர்களைச் சொல்லு, நாங்கள் ஜெபிக்கிறோம் என்றார்கள்.

பிள்ளைகளைப் பற்றி நேராகவே சொல்கிறேன். மகளை ஆறாம் வகுப்பில் தமிழ்நாட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். சிக்னலுக்காகச் சனிக்கிழமை மேட்டில் ஏறி நின்று பேசுவேன். இரண்டாம் வருஷம் அவள் அழுவதை நிறுத்திவிட்டாள், எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மகனை அனுப்பவில்லை, நானே வீட்டில் சொல்லிக்கொடுத்தேன். குடும்பமாகப் போக நினைப்பவர்கள் தயவுசெய்து பிள்ளைகளின் படிப்பைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பெரியவர்கள் வேலையை அவர் தலையில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மலாவியில் மரண வீட்டுக்கு, மலிரோ என்பார்கள், போகாமல் இருக்கக் கூடாது. பெண்கள் மாவும் விறகும் கொண்டுபோய், இறந்தவரின் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து இரவெல்லாம் கூட இருப்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை மலேரியாவில் போனபோது, நான் வசனமெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு போனேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். விடியும்வரை யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

2019இல் என் அம்மா ஊரில் இறந்தார்கள். டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை, அடக்கத்துக்கு நேரமும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, மகன் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறான். இருட்டும் நேரத்தில் "ஓடி" என்றது. பதினெட்டு பெண்கள், தலையில் மாவு, விறகு. எங்கள் முன்னறையில் இருந்த நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். "இனு" சொல்லிக்கொடுத்த பாட்டி என் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, உங்கள் அம்மா பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.