வகுப்பில் புரிகிற வேதியியல் கணக்கு, தனியாகப் போட்டால் ஏன் தப்பாகிறது?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு வேதியியல் படிக்கிறேன். ஆசிரியர் போட்டுக் காட்டும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. அதே மாதிரிக் கணக்கை நானே போட உட்கார்ந்தால் எந்தச் சூத்திரத்தை எடுப்பதென்றே தெரிவதில்லை. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம்தான். எதையோ போட்டு ஒரு விடையும் வந்துவிடுகிறது. ஆனால் புத்தகத்தின் கடைசியில் உள்ள விடையோடு பார்த்தால், பல நேரம் சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: இரண்டு மடங்கு அல்லது பாதி என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல துப்பு. கால்குலேட்டரில் தட்டும்போது பிசகினால் விடை தாறுமாறாக வரும். கச்சிதமாக இரண்டால் விலகுகிறது என்றால், எங்கோ ஒரு 2 விட்டுப்போயிருக்கிறது. அது ஒளிந்துகொள்ளும் இடங்கள் அதிகமில்லை. ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின் போன்றவை வாயுவாக இருக்கும்போது இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கும் என்பதை மறந்திருப்பீர்கள். இல்லையென்றால் சமன்பாட்டில் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடுகிறீர்கள். முதலாண்டில் வரும் அளவுக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதை ஒன்றே: கொடுத்த அளவை மோலாக (டஜன் போலத் துகள்களை எண்ணும் ஓர் அலகு) மாற்று, சமன்பாட்டின் விகிதத்தைக் கொண்டு, கேட்ட பொருளின் மோலுக்குப் போ, அதைக் கேட்ட அலகுக்கு மாற்று. கொடுத்தது திடப்பொருளானால் கிராமை மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறை, கிராமில்) வகுக்க வேண்டும். கரைசலானால் மோலாரிட்டியை (ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்) லிட்டரால் பெருக்க வேண்டும். வாயுவானால் நல்லியல்பு வாயுச் சமன்பாடு (அழுத்தம் × கனஅளவு = மோல் × வாயு மாறிலி × வெப்பநிலை). மோலுக்குள் நுழைய இப்படி மூன்று வாசல்கள். வெளியே வருவதும் அதே வாசல்கள் வழியாகத்தான்.

இந்தப் பாதையில் கட்டாயமான பழக்கம் ஒன்று உண்டு. எந்த எண்ணையும் தனியாக எழுதாதீர்கள். '0.200' என்று எழுதினால் போதாது, '0.200 மோல்' என்றாலும் போதாது, '0.200 மோல் குளோரின் மூலக்கூறு' என்று எழுத வேண்டும். 9.0 கிராம் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 0.50 மோல் நீர் மூலக்கூறு. அதில் ஆக்சிஜன் அணு 0.50 மோல், ஹைட்ரஜன் அணு 1.0 மோல், மொத்த அணுக்கள் 1.5 மோல். ஒரே தண்ணீருக்கு மூன்று விதமான எண்கள், மூன்றும் சரி. 'எத்தனை அணுக்கள்?' என்று கேட்டால் எந்த எண்ணை அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை) பெருக்குவது என்பது, பொருளின் பெயரையும் சேர்த்து எழுதியவருக்குத்தான் தெரியும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

5.40 கிராம் அலுமினியத்தையும் 14.2 கிராம் குளோரின் வாயுவையும் வினைபுரியவிட்டால் எவ்வளவு அலுமினியம் குளோரைடு கிடைக்கும்?

முதலில் சமன்பாடு: 2 அலுமினியம் + 3 குளோரின் மூலக்கூறு → 2 அலுமினியம் குளோரைடு. சமன்படுத்தும்போது பொருளுக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டுமே மாற்றலாம். வாய்பாட்டுக்குள் கீழே இருக்கும் சிறிய எண்ணைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். தண்ணீரில் ஓர் ஆக்சிஜனைக் கூட்டிச் சமன்செய்பவர் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரித்துவிட்டார் என்று அர்த்தம்.

இனி மோல். 5.40 ÷ 26.98 = 0.200 மோல் அலுமினியம். குளோரின் மூலக்கூறின் மோலார் நிறை 70.90, ஆகவே 14.2 ÷ 70.90 = 0.200 மோல் குளோரின் மூலக்கூறு. இரண்டும் சமம் என்று தெரிந்ததும் 'அப்படியானால் இரண்டும் முழுதாகத் தீர்ந்துவிடும்' என்று தோன்றும். இந்தக் கணக்கின் பொறி அதுதான். சமன்பாடு 2-க்கு 3 கேட்கிறது. 0.200 மோல் அலுமினியம் முழுதும் வினைபுரிய 0.300 மோல் குளோரின் வேண்டும், இருப்பதோ 0.200. குளோரின்தான் முதலில் தீரும். அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. எடையில் குறைந்தது அலுமினியம்தான் என்பதையும் பாருங்கள்: கிராமில் குறைந்தது எதுவோ அதுதான் முதலில் தீரும் என்று நினைப்பவர் இங்கே நேராகத் தவறில் விழுவார். எது முதலில் தீரும் என்பதைக் கிராமும் சொல்லாது, வெறும் மோலும் சொல்லாது. ஒவ்வொரு பொருளின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுத்துப் பாருங்கள். அலுமினியத்துக்கு 0.100, குளோரினுக்கு 0.0667. சிறியது எதுவோ அதுவே காரணி.

3 மோல் குளோரினுக்கு 2 மோல் விளைபொருள். ஆகவே 0.200 × 2 ÷ 3 = 0.1335 மோல் அலுமினியம் குளோரைடு. (0.1333 வர வேண்டாமா என்று கேட்பீர்கள். 14.2 ÷ 70.90 என்பதைக் கால்குலேட்டரில் அப்படியே வைத்திருந்தால் அது 0.20028. இடையில் எழுதிக்காட்ட மட்டும் சுருக்குங்கள், கணக்கிடும்போது சுருக்காதீர்கள்.) மோலார் நிறை 133.33, விடை 17.8 கிராம்.

இங்கே பேனாவை மூடிவிடாதீர்கள். விளைபொருளில் போன அலுமினியமும் 0.1335 மோல்தான். ஆகவே மிச்சம் சுமார் 0.0666 மோல், அதாவது 1.80 கிராம். 17.8 + 1.80 = 19.6. தொடக்கத்தில் போட்டது 5.40 + 14.2 = 19.6. நிறை ஒத்துப்போகிறது.

இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும், அது எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று பாருங்கள். அலுமினியத்தைக் காரணியாக எடுத்திருந்தால் 0.200 மோல் விளைபொருள், அதாவது 26.7 கிராம் வந்திருக்கும். குளோரினின் நிறையை 70.90-க்குப் பதில் 35.45 என்று எடுத்திருந்தால் குளோரின் 0.400 மோல் ஆகியிருக்கும், அது தாராளமாகப் போதும் என்று தோன்றியிருக்கும், கடைசியில் அதே 26.7 கிராம்தான் வந்திருக்கும். 19.6 கிராம் போட்ட இடத்தில் 26.7 கிராம் எப்படி வரும்? புத்தகத்தின் விடையைப் புரட்டாமலே தவறு பிடிபட்டுவிடுகிறது. தேர்வறையில் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே விடைத்தாள் இதுதான்.

கரைசல் கணக்குகள்

உங்கள் 'இரண்டு மடங்கு' அதிகமாக வருவது இங்கேயாகத்தான் இருக்க வேண்டும். முதல் செறிவு × முதல் கனஅளவு = இரண்டாம் செறிவு × இரண்டாம் கனஅளவு. இந்தச் சூத்திரத்தை எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள், எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அது நீர்க்கச் செய்வதற்கான சூத்திரம். தண்ணீர் சேர்க்கும்போது கரைபொருளின் மோல் மாறுவதில்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவைக் கண்டறிவதில்) இரண்டு வெவ்வேறு பொருள்கள் வினைபுரிகின்றன. அங்கே சமன்பாட்டின் விகிதம் 1-க்கு 1 ஆக இருந்தால் மட்டுமே தற்செயலாக இது சரியாக வரும்.

25.0 மில்லிலிட்டர் சல்பூரிக் அமிலத்தை நடுநிலையாக்க 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 32.4 மில்லிலிட்டர் செலவானது என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் போட்டால் அமிலத்தின் செறிவு 0.130 மோலார். மோல் வழியாகப் போங்கள்: 0.100 × 0.0324 = 0.00324 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு. ஒரு மோல் சல்பூரிக் அமிலத்துக்கு இரண்டு மோல் காரம் வேண்டும் என்பதால் அமிலம் 0.00162 மோல். அதை 0.0250 லிட்டரால் வகுத்தால் 0.0648 மோலார். முன்னது சரியாக இதன் இரண்டு மடங்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சரியான விடை தந்த அதே பழக்கம் சல்பூரிக் அமிலத்தில் காலை வாரிவிடுகிறது.

நீர்க்கச் செய்யும் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 12 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 0.50 மோலார் கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டும் என்றால், 0.50 × 250 ÷ 12 = 10.4 மில்லிலிட்டர் அடர் அமிலம். அந்த 250 மில்லிலிட்டர் என்பது கடைசியில் கரைசல் இருக்க வேண்டிய மொத்தக் கனஅளவு. 250 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து அதில் அமிலத்தைச் சேர்த்தால் செறிவு குறைந்துவிடும். ஆய்வகத்தில் முதலில் குடுவையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அதில் அமிலத்தை மெல்ல ஊற்றி, ஆறிய பிறகே குறியீடு வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. வெளிப்படும் வெப்பத்தில் அமிலம் தெறிக்கும்.

திடப்பொருளைக் கரைத்துக் கரைசல் செய்யும்போது பாட்டிலின் மேல் உள்ள பெயரை முழுதாகப் படியுங்கள். நீல நிறக் காப்பர் சல்பேட் படிகத்தில் ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு, மோலார் நிறை 249.7. நீரற்ற வெள்ளைப் பொடிக்கு 159.6. 0.100 மோலார் கரைசல் 250 மில்லிலிட்டர் செய்ய நீலப் படிகம் 6.24 கிராம் வேண்டும். நீரற்றதின் நிறையைப் போட்டுக் கணக்கிட்டு 3.99 கிராம் படிகத்தை எடுத்தால் கரைசல் 0.0639 மோலார்தான் இருக்கும். கணக்கில் எங்கும் தவறே இல்லாததுபோல் தெரியும், ஆய்வு முடிவு மட்டும் ஒத்துவராது.

வாயுக்கள்

இங்கே சிக்கல் பெரும்பாலும் அலகில்தான். வாயு மாறிலியை 0.08206 என்று எடுத்தால் அழுத்தம் வளிமண்டல அலகிலும் கனஅளவு லிட்டரிலும் இருக்க வேண்டும், 8.314 என்று எடுத்தால் அழுத்தம் பாஸ்கலிலும் கனஅளவு கனமீட்டரிலும் இருக்க வேண்டும். வெப்பநிலை எப்போதும் கெல்வினில். 25 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள 2.00 லிட்டர் ஆக்சிஜன் எத்தனை மோல்? 298 கெல்வினைப் போட்டால் 0.0818 மோல். மறதியாக 25 என்றே போட்டால் 0.975 மோல். இந்த நிலைமையில் ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் இடம் பிடிக்கும் என்பது மனதில் இருந்தால், இரண்டு லிட்டருக்குள் கிட்டத்தட்ட ஒரு மோல் அடங்காது என்று உடனே தெரிந்துவிடும்.

22.4 லிட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது 0 டிகிரி செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் உரிய எண். அறை வெப்பநிலைக் கணக்கில் அதைப் போடக் கூடாது. 1982-இல் திட்ட அழுத்தம் 1 பார் என்று மாற்றப்பட்டது. அதன்படி 0 டிகிரியில் ஒரு மோலின் கனஅளவு 22.7 லிட்டர். உங்கள் பாடநூல் எதைப் பின்பற்றுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திரவத்துக்கோ திடப்பொருளுக்கோ 22.4-ஐப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாயுவைத் தவிர வேறெதற்கும் அது பொருந்தாது.

விடை பொருளோடு ஒட்டுகிறதா?

கணக்கு முடிந்ததும் எண்ணை மட்டும் பார்க்காமல், அது எந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறது என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு 10-இன் அடுக்கு −8 மோலார் என்றால் பிஎச் மதிப்பு (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்ன என்ற கேள்விக்கு 8 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அமிலத்தை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் அது காரமாகாது. இவ்வளவு நீர்த்த நிலையில் தண்ணீர் தானாகத் தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 25 டிகிரியில் பிஎச் 6.98 வரும்.

முக்கிய எண்ணுருக்களைப் (ஓர் அளவில் நம்பத்தக்க இலக்கங்கள்) பற்றிச் சுருக்கமாக: கொடுத்த அளவுகளில் மிகக் குறைவான எண்ணுருக்கள் கொண்டது எதுவோ, பெருக்கலிலும் வகுத்தலிலும் விடைக்கும் அத்தனையே. அணு நிறையை அவசரப்பட்டு முழு எண்ணாக்காதீர்கள். குளோரினை 36 என்று எடுத்தால் தொடக்கத்திலேயே ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிழை.

எப்படிப் பயிற்சி செய்வது?

வகுப்பில் புரிவது ஆசிரியரின் பாதை. அடுத்த வரி என்ன என்று அவர் எடுத்த முடிவுகள் கரும்பலகையில் தெரிவதில்லை. ஆகவே தீர்வுடன் உள்ள கணக்கை எடுத்தால் தீர்வை மறைத்துவிட்டு, முதலில் எண்களே இல்லாமல் பாதையை மட்டும் ஒரே வரியில் எழுதுங்கள்: 'காரத்தின் மில்லிலிட்டர் → காரத்தின் மோல் → அமிலத்தின் மோல் → அமிலத்தின் மோலாரிட்டி.' இந்த வரியை எழுத முடிந்தால் மீதி வெறும் கால்குலேட்டர் வேலை. எழுத முடியவில்லை என்றால், எந்த அம்புக்குறியில் நின்றுவிட்டீர்கள் என்று பாருங்கள்; படிக்க வேண்டிய பாடம் அதுதான். பத்துக் கணக்குகளுக்கு இந்தப் பாதையை மட்டும் எழுதிப் பார்ப்பது, மூன்று கணக்குகளைத் தீர்வைப் பார்த்துப் பார்த்து முடிப்பதைவிட அதிகம் பயன்தரும்.

தவறிய கணக்கை அடித்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் ஒரே சொல்லில் காரணத்தை எழுதி வையுங்கள்: விகிதம், ஈரணு, அலகு, படிக நீர், கனஅளவு. இரண்டு வாரம் கழித்து அந்தச் சொற்களை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் 'விகிதம்' என்பதுதான் அதிகம் இருக்கும். அப்படியானால் அடுத்த வாரம் முழுக்க, சமன்பாட்டில் 1-க்கு 1 அல்லாத விகிதம் வரும் கணக்குகளை மட்டும் தேடி எடுத்துப் போடுங்கள்.