தெய்வமாக்கப்பட்ட ரோமப் பேரரசிகளின் நாணயங்களைச் சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

மூத்த ஃபௌஸ்டினாவிடமிருந்து தொடங்குங்கள். கொஞ்ச காலத்துக்கு அவரை விட்டு நகரவே நகராதீர்கள். இந்தத் துறைக்குள் வருபவர் யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்.

ஆளுக்கொரு காசு என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினால் பாதி வழியிலேயே கையைக் கடித்துவிடும். பேரரசர் டிராஜனின் அக்கா மார்சியானா, அவர் மகள் மாட்டிடியா, டிராஜனின் மனைவி புளோட்டினா மூவரின் காசுகளும் அரியவை, விலையும் அதிகம். மூத்த ஃபௌஸ்டினா அப்படியல்ல. கணவர் அன்டோனினஸ் பயஸ் கி.பி. 138-இல் ரோமின் அரியணை ஏறினார். இவர் 140-இல் இறந்தார். செனட் சபை இவரைத் தெய்வமாக அறிவித்தது. அதன் பிறகு, 161-இல் தான் சாகும்வரை, அன்டோனினஸ் இவர் பெயரில் நாணயம் அடித்துக்கொண்டே இருந்தார். உயிரோடு இருந்தபோது வந்தவற்றைவிட இறந்த பின் வந்த காசுகள்தான் பல மடங்கு அதிகம். அதனால் 'திவா ஃபௌஸ்டினா' (தெய்வமான ஃபௌஸ்டினா) என்று பொறித்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு இன்றும் சாதாரணச் சேகரிப்பாளருக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. 3 கிராமுக்குச் சற்று மேல் எடை. நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது.

முன்பக்கம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். பின்னல்களைச் சுருட்டி உச்சந்தலையில் கொண்டையாக வைத்த முகம். சிலவற்றில் முக்காடும் உண்டு. பின்பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. கதிரும் தீப்பந்தமும் ஏந்திய விளைச்சல் தேவி சீரிஸ், பலிபீடத்தருகே நிற்கும் பக்தியின் தேவி பியட்டாஸ், உருண்டையைக் கையில் தாங்கிய நித்தியத்தின் தேவி, மயில், நட்சத்திரம் எனப் பல வகை. செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசு ஒன்றில் இவர் சிலையை வைத்த வண்டியை இரண்டு யானைகள் இழுத்துப் போகின்றன. இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு அரசு இருபது வருடங்களாக ஒரு பெண்ணைப் பற்றி மக்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறு தூண் கோயில் உள்ள வகை. அந்தக் கோயில் ரோம் நகரின் பழைய பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் இன்றும் நிற்கிறது. பின்னாளில் உள்ளே ஒரு தேவாலயம் கட்டியதால்தான் தப்பியது. முகப்புக் கல்வெட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. கீழ்வரியில் ஃபௌஸ்டினாவின் பெயர். மேல்வரியில் அன்டோனினஸின் பெயர். முதலில் வெட்டியது கீழ்வரிதான், அது மனைவிக்காக மட்டும் எழுந்த கோயில். கணவர் 161-இல் இறந்து அவரும் தெய்வமான பிறகே மேல்வரி சேர்ந்தது. கையிலுள்ள காசில் இருக்கும் அதே தூண்களை நேரில் போய்ப் பார்க்க முடிகிற வாய்ப்பு எத்தனை நாணயங்களுக்கு உண்டு?

அடுத்து மகளிடம் வாருங்கள். இளைய ஃபௌஸ்டினா, பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் மனைவி. கணவரோடு கிழக்கே போன இடத்தில், டாரஸ் மலையடிவாரத்து ஹலாலா என்ற ஊரில் இறந்தார். அந்த ஊருக்கே ஃபௌஸ்டினோபோலிஸ் என்று பெயர் மாற்றினார் மார்கஸ். தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயர் என்பதால் விற்பவர்களே குழம்புவதுண்டு. கொண்டையைப் பாருங்கள்: தாய்க்கு உச்சியில், மகளுக்குப் பின்கழுத்துப் பக்கம். மகள் இறந்த பின் வந்த காசுகளில் பெரும்பாலும் 'பியா' (பக்தியுள்ளவர்) என்ற சொல்லும் கூடவே வரும். விண்மீன்களிடையே ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்ற வாசகத்தோடு தீப்பந்தம் ஏந்திய டயானா உள்ள வகை இவருடையது. அது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இவர்களைப் பழகிய பிறகு பவுலினா. 235 முதல் 238 வரை ஆண்ட பேரரசர் மாக்சிமினஸ் த்ராக்ஸின் மனைவி என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நான்காம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அம்மியானஸ், கொடுமைக்காரக் கணவரை இதமாகச் சொல்லித் தணித்தவர் என்று அவரைக் குறிப்பிடுகிறார், பெயர் சொல்லவில்லை. பெயரையும் முகத்தையும் நமக்குத் தந்தவை நாணயங்கள்தான். கல்வெட்டுச் சான்று சொற்பம். மயில் அவரைச் சுமந்துகொண்டு மேலே பறக்கும் அந்தக் காசு என்னிடம் இல்லை. ஏலப் பட்டியல்களில் வரும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். அவருக்குப் பின் பேரரசர் வலேரியனின் மனைவி என்று கருதப்படும் மாரினியானா. தெய்வமாக்கப்பட்ட பேரரசிகளின் நாணய வரிசை அவரோடு முடிகிறது.

முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பீர்கள். கரூர், கோவைப் பக்கம் ஏராளமாகக் கிடைத்த, பேரரசர் டைபீரியஸ் அடித்த தெனாரியஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை லிவியா என்று பலர் சொல்கிறார்கள். அப்படியே இருந்தாலும் அது தெய்வமாக்கிய நாணயம் ஆகாது. லிவியா கி.பி. 29-இல் இறந்தபோது மகன் டைபீரியஸ் அந்த மரியாதையைத் தர மறுத்துவிட்டார். பேரன் கிளாடியஸ்தான், பேரரசரான பின், கி.பி. 42-இல் கொடுத்தார். ஒரு பக்கம் அகஸ்டஸ், மறுபக்கம் கதிரும் தீப்பந்தமும் பிடித்து அமர்ந்த லிவியா என்று கிளாடியஸ் அடித்த டுபாண்டியஸ் என்ற பித்தளைக் காசுதான் நீங்கள் தேட வேண்டியது.

வாங்கும்போது வெள்ளிக் காசின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய கோடு ஓடினாலோ, மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழிக் குழிகள் இருந்தாலோ அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம். உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு என்று அந்தக் காலத்திலேயே செய்த போலிகளும் உண்டு. தெரிந்தே வாங்கினால் அவையும் சுவையானவைதான். பெரிய பித்தளைக் காசுகளில் தேய்ந்துபோன கூந்தல் இழைகளை இப்போது உளியால் புதிதாகக் கீறிவிடுகிறார்கள். முகம் மழுங்கியிருக்க முடி மட்டும் கூர்மையாக இருந்தால் வேண்டாம். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இணையத் தரவுத்தளம் இலவசம், அதில் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த காசைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. நூற்றாண்டுகளாகப் படிந்த பசும்படலம் ஒரு நிமிடத்தில் போய்விடும். பிவிசி கலந்த உறைகளும் வேண்டாம், நாளடைவில் காசின்மேல் பச்சைப் பிசுக்கு ஏறும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணிலிருந்து எடுத்த புதையல் என்று யாராவது கொண்டுவந்தால் தொடாதீர்கள். 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீதும் பழைய ஏல விவரமும் காட்டும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.