குடை பிடித்தவர் எங்கே?

கேள்வி: நான் சிறுகதை எழுதுபவள், வயது 46. ஜனவரியில் என் அம்மாவுடன் முதன்முதலாக வெளிநாடு சென்றேன். கம்போடியாவின் சியெம் ரீப்பில் ஒன்பது நாட்கள் தங்கி, அங்கோர் வாட் கோயிலைப் பார்த்துப் படங்களோடு நாட்குறிப்பு எழுதினேன். அதை நூலாக்கப் பதிப்பாளர் ஒருவர் முன்வந்திருக்கிறார். படங்கள் அவசரக் கோடுகளாக இருப்பதால், வீட்டில் நிதானமாகத் திருத்தி வரைந்து கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கூடாது. முதல் பயணக் குறிப்பை அச்சேற்ற விரும்புகிறவர்களில் பாதிப் பேர் இதையே கேட்கிறார்கள். மேசையில் அமர்ந்து நிமிர்த்தி வரைந்த கோபுரத்துக்குப் புகைப்படமே போதும். ஜெர்மானிய ஓவியர் டூரர் 1520இல் நெதர்லாந்துப் பகுதிகளுக்குப் போனபோது வெள்ளிக் கம்பியின் முனையால் வரைந்தார். அந்தக் கோடு எளிதில் அழியாது, பிசகினால் பிசகியதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொரு வரி. குளக்கரையில் மூன்று மணி நேரம் வரைந்தபோது, அம்மா குடை பிடித்து நின்றதால் தாளில் வெயில் படவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வயது 72, முழங்கால் வலியால் மேல்தளத்தின் செங்குத்துப் படிகளில் ஏற முடியவில்லை என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. படியேற முடியாத கால்கள் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்பதற்கு மட்டும் உதவினவா, சகோதரி?

நீங்கள் இணைத்திருந்த 64 படங்களின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். கிழக்குச் சுற்றுமண்டபத்தில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கும் பாற்கடல் காட்சியில் 92 அசுரர்களையும் 88 தேவர்களையும் எண்ணிக் குறித்திருக்கிறீர்கள். அருகிலுள்ள தா புரோம் கோயிலின் சுவரைக் கவ்விய வேர்களும் பாயோன் கோயிலின் கோபுர முகங்களும் இருக்கின்றன. விடுதிப் பூனைக்குக்கூட இரண்டு பக்கம். அம்மாவுக்கு அரைப் பக்கம்கூட இல்லை.

டூரரை நல்ல கணவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயணத்தில் ஆன்ட்வெர்ப் நகரில் தாம் விடுதிக்காரரோடு சாப்பிட, மனைவி ஆக்னஸ் பணிப்பெண்ணோடு மாடியில் தனியே சமைத்துச் சாப்பிட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதர்கூட 1521இல் ஊர் திரும்பும் வழியில், ரைன் நதியில் போப்பார்ட் அருகே மனைவியை வரைந்து, இது என் மனைவி என்று பக்கத்தில் எழுதினார்.

அம்மாவை அழைத்துச் சென்றதற்கு உங்களைப் பாராட்டத் தோன்றவில்லை. அவருக்கும் அது முதல் வெளிநாட்டுப் பயணம். அவர் என்ன பார்த்தார் என்று ஊர் திரும்பிய பிறகாவது கேட்டீர்களா? பதிப்பாளரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அருகில் உட்கார்ந்து, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். பிறகு அவரைக் குடையோடு வரைந்து, ஊருக்கு வந்த பின் வரைந்தது என்று தேதியும் போடுங்கள். மணற்கல்லின் நிறத்துக்கு ஐந்து பெயர்கள் எழுதிய நீங்கள், குடையின் நிறத்தை எங்கும் எழுதவில்லை. நினைவில்லையென்றால் அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.