இடது கை உழைத்தால் நெஞ்சு இறுக்குகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறார். சர்க்கரை உண்டு, பீடி பழக்கமும் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் பைபாஸ் நடந்தது. இப்போது தறியில் உட்கார்ந்தால் இடது கை மரத்து, நெஞ்சு இறுக்கி, தலை சுற்றுகிறது. நடந்தால் ஒன்றும் இல்லை. இ.சி.ஜி., எக்கோ நார்மல். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை தந்திருக்கிறார்கள். சரிதானா டாக்டர்?

பதில்: நடக்கும்போது வராத வலி, இடது கை உழைத்தால் மட்டும் வருகிறது என்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிடக் கூடாது அம்மா. கழுத்து நரம்பாலும் கை மரக்கலாம். ஆனால் பைபாஸ் ஆனவருக்கு முதலில் வேறொன்றைப் பார்த்தாக வேண்டும்.

பைபாஸில் பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டின் உட்புறம் ஓடும் இடது மார்புத் தமனியை இதயத்தோடு இணைப்பார்கள். இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனியிலிருந்து பிரிவது அது. பிரியும் இடத்துக்கு முன்பே கொழுப்பு படிந்து அடைத்தால், கைக்கு ரத்தம் போதாது. தறிப் பலகையை இழுத்து இழுத்து அடிக்கும்போது, இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தத்தையே கை திருப்பி இழுத்துக்கொள்கிறது. மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாயும் அங்கிருந்தே கிளம்புவதால் தலைசுற்றல். இதை 'கொரோனரி சப்கிளேவியன் ஸ்டீல்' (steal, ரத்தத் திருட்டு) என்பார்கள். அதிகம் பேருக்கு வருவதில்லை, அதனாலேயே தவறிப்போகிறது. சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. இதைக் காட்டாமல் போகலாம்.

நாளைக்கே இரண்டு கையிலும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். இடது கையில் 15, 20 புள்ளி குறைவாக இருந்தாலோ, மணிக்கட்டு நாடி மெலிந்திருந்தாலோ சந்தேகம் வலுக்கிறது. நம் ஊர்களில் பழக்கத்தால் ஒரே கையில்தான் பி.பி. பார்க்கிறார்கள். அடைபட்ட கையில் பார்த்தால் உண்மையான பி.பி. மறைந்துவிடும், மாத்திரையைக்கூடத் தவறாகக் குறைத்துவிடுவார்கள். இது எனக்குத் தீராத கவலை. அதிகம் காட்டும் கைதான் கணக்கு.

பிறகு ஆபரேஷன் சம்மரியுடன் இதய மருத்துவரிடம் போங்கள். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். "சப்கிளேவியன் அடைப்பு இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும், ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் காட்டிக்கொடுக்கும். பைபாஸில் ஒட்டிய குழாயே அடைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சப்கிளேவியன் அடைப்புதான் என்றால் பெரும்பாலும் பலூன், ஸ்டென்ட்டில் சரியாகும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அதுவரை தறி வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் நெஞ்சு இறுக்கம் சில நிமிடங்களில் விடவில்லை என்றால், அல்லது வேர்த்துக் கொட்டினால், யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.