வெட்டின வரியில் எவ்வளவு திரும்பும்? – பாவனையாளர் கேள்வி-பதில்

கேள்வி: கணவர் இறந்து நாலு வருடம். இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். 2025 ஒக்டோபரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் 200,000 ரூபா, மாதம் 3,000 வரி வெட்டுகிறார்கள். கணவரின் இறப்புக்குக் கிடைத்த இழப்பீடு 20 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. அதன் வட்டியிலும் வெட்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்குக் கூடுதலாகத் திரும்பும் என்று கனடாவில் இருக்கும் அக்கா சொல்கிறா. எனக்கு எவ்வளவு வரும்? – கிளிநொச்சி

பதில்: அக்கா சொல்வது அவ இருக்கிற நாட்டின் சட்டம், தங்கச்சி. இங்கே இலங்கையில் தனிநபர் நிவாரணம், அதாவது வரி போடாமல் விடுகிற வருமான அளவு, எல்லோருக்கும் ஒன்றுதான்: 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம். பிள்ளைக்கென்று தனிக் கழிவு இல்லை. பள்ளிச் செலவு, ரியூசன், மருந்து எதுவும் கழியாது. ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் கணக்கை இருக்கிற சட்டப்படிதான் போட வேண்டும்.

வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. உங்களுக்கு ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதச் சம்பளம் 1,200,000. வட்டி 8 வீதம் என்று வைத்தால் 160,000. மொத்தம் 1,360,000, அதாவது 18 இலட்சத்துக்குள். ஆகவே வரியே இல்லை. சம்பளத்தில் போன 18,000, வட்டியில் 10 வீதமாகப் போன 16,000, இரண்டும் சேர்த்து 34,000 ரூபா திரும்ப வேண்டும். இழப்பீட்டு முதலை வருமானத்தில் சேர்க்காதீர்கள். இறப்புக்காகக் கிடைக்கும் இழப்பீட்டுக்கு வரியில்லை, அதன் வட்டிக்கு மட்டும்தான்.

பலர் பிழைக்கிற இடம் இனித்தான். ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை வேறெங்காவது மாதம் 90,000க்கு வேலை செய்தீர்களா? அப்படியென்றால் 540,000 கூடும்; மொத்தம் 1,900,000. நிவாரணத்துக்கு மேல் நிற்கும் ஒரு இலட்சத்துக்கு 6 வீதம், 6,000 வரி. திரும்புவது 28,000. பழைய இடத்தில் வரி வெட்டவில்லை என்பதற்காக அந்தச் சம்பளத்தை மறைத்துவிட முடியாது.

கைக்கு வந்த தொகையை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் 8 வீதம் வரிக்குக் கழியாது, எனவே மொத்தச் சம்பளமே கணக்கு. மார்ச் முடிந்ததும் வேலையிடத்துக் கணக்குப் பிரிவில், சம்பளத்தையும் வெட்டின வரியையும் காட்டும் டி10 சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு இடத்தில் வேலை செய்திருந்தால் இரண்டிலும். வாங்கின இடத்திலேயே நின்று பாருங்கள்: அடையாள அட்டை இலக்கம், வரி இலக்கம், மொத்த வேதனம், வெட்டின வரி. ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் அந்த வரி உங்கள் பேரில் சேராமல் நிற்கும். வங்கியிடமும் வட்டிக்கும் வெட்டின வரிக்கும் சான்றிதழ் வாங்குங்கள். ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் விவரத்திரட்டை இறைவரித் திணைக்களத்துக்கு நவம்பர் 30க்குள் இணையத்தில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வேலை இல்லை. 35 இலட்சம் வைப்பின் வட்டியில்தான் நானும் மகளும் சீவிக்கிறோம். அதிலும் 10 வீதம் வெட்டுகிறார்களே? – புதுக்குடியிருப்பு

பதில்: இந்த வெட்டைப் பற்றி நான் எழுதாத மாதமில்லை. 2023 ஜனவரியில் 5 வீதமாக வந்தது, 2025 ஏப்ரலில் 10 ஆனது. உங்கள் வட்டி 8 வீதப்படி ஆண்டுக்கு 280,000. வரி கட்டுகிற எல்லையின் பக்கத்திலும் நீங்கள் இல்லை. ஆனாலும் 28,000 ரூபா, உங்கள் வீட்டில் ஒரு மாதச் செலவு, போய்விடுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தும் சுய பிரகடனத்தை வங்கியில் கொடுத்தால் வட்டி வெட்டாமல் வரும். வைப்புச் சான்றிதழை நீட்டும் கவுண்டரிலேயே இந்தப் படிவத்தையும் நீட்ட வேண்டும். கணவனை இழந்த ஒரு பெண் வைப்புப் போட வரும்போது வட்டி வீதத்தைச் சொல்ல இருக்கிற நேரம், இதைச் சொல்ல ஏன் இல்லை?

முதலில் வரி இலக்கம் எடுங்கள், இலவசம். பிறகு வைப்பு இருக்கிற ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகப் பிரகடனம் கொடுங்கள். அது ஒரு வரி ஆண்டுக்கு மட்டுமே செல்லும், ஏப்ரல் பிறந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும். பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். கொடுப்பதற்கு முன் வெட்டினதை விவரத்திரட்டு மூலம் இறைவரித் திணைக்களத்திடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: வெட்டின வரி திரும்பும், அதாவது மீளளிப்பு வரும் என்று நம்பி தவணைக்கு ஸ்கூட்டர் எடுத்தேன். சம்பளம் 160,000, ஆண்டு முழுக்க வேலை. எவ்வளவு வரும்? – வவுனியா

பதில்: ஒன்றும் வராது. மாதம் 600 வெட்டியிருப்பார்கள், ஆண்டுக்கு 7,200. நீங்கள் கட்ட வேண்டியதும் 7,200. கையெழுத்துப் போட முன் பத்து நிமிடம் கணக்குப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: மீளளிப்பு எடுத்துத் தருவதாக ஒருவர் 7,500 ரூபா வாங்கினார். இறைவரித் திணைக்கள இணையக் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கினார். இப்போது போன் எடுக்கிறாரில்லை. – முல்லைத்தீவு

பதில்: இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள், அம்மா. அந்த இணையக் கணக்குக்குள் போய் மீளளிப்புக்குக் கொடுத்த வங்கிக் கணக்கு இலக்கம் உங்களுடையதா என்று பாருங்கள். வேறு இலக்கம் இருந்தால் உடனே இறைவரித் திணைக்களத்தின் 1944க்கு அழைத்துச் சொல்லுங்கள். காசு அனுப்பின சிட்டை, போன் செய்திகளை அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். வெட்கப்பட உங்களுக்கு ஒன்றுமில்லை, பிழை செய்தவர் அவர்.

கேள்வி: கூரையில் சோலார் போட்டால் 6 இலட்சம் வரி திரும்பும் என்கிறார் விற்பனையாளர். – மன்னார்

பதில்: பொய். 6 இலட்சம் வரை கழிவது வருமானத்தில், வரியில் அல்ல. 6 வீதப் படியில் நிற்பவருக்கு அதிகபட்சம் 36,000 தான் மிச்சம். தேசிய மின்கட்டமைப்போடு இணைத்திருக்க வேண்டும், பற்றுச்சீட்டு உங்கள் பேரில் இருக்க வேண்டும். தொடர் இலக்கத்தையும் அதில் எழுதுவியுங்கள். நான் வாங்கிய இன்வேர்ட்டருக்கு அதில்லாமல்தான் உத்தரவாதம் செல்லாமற்போனது.

கேள்வி: அண்ணா லண்டனிலிருந்து வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசு வருமானமா? – விசுவமடு

பதில்: இல்லை. அதை வைப்பில் போட்டால் வரும் வட்டிதான் வருமானம்.